திருகோணமலையில் வியாழனைக் கணித்தவர்

கொழும்பு - கண்டி ரயில் பாதையை அமைத்த தலைமைப் பொறியியலாளர் கில்ஃபர்ட் மோல்ஸ்வர்த் ஆவார். பின்னர் திம்புள்ளத் தேயிலை மலைகளை எட்டியதும் அப்பாதையின் நீட்சியே. வானியல் உலகிலோ அவரது மைந்தர் பேர்சி மோல்ஸ்வர்த்தின் பெயரே நிலைத்துள்ளது.

1867இல் கொழும்பில் பிறந்த பேர்சி, பிரித்தானியப் படையின் பொறியியல் அதிகாரியாகத் திருகோணமலையில் பணிபுரிந்தார். வானியல் அவரது தொழிலன்று. எனினும், பன்னிரண்டரை அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியை அங்கு நிறுவி, இரவுகளை வியாழனுக்கே அர்ப்பணித்தார். நிலநடுக்கோட்டுக்கு அண்மித்த அவ்விடத்தில் கோள்கள் தலைக்குமேல் உயர்ந்து தெளிவாகத் தோன்றின.

அக்காலப் புகைப்படத் தட்டுகள் ஒளியை மெதுவாகவே பதிந்தமையால், காற்றின் சலனத்தில் கோளின் நுண்ணிய கோலங்கள் கலைந்துவிடும். ஆகவே, அவர் கண்ணையும் கடிகாரத்தையுமே நம்பினார். வியாழனின் புள்ளிகள் அதன் நடுக்கோட்டைக் கடக்கும் நேரங்களைக் குறித்து, சுழற்சி வேகத்தைக் கணித்தார். 1901 பெப்ரவரி 28இல் அவர் கண்டறிந்த, வியாழனின் தென் அயனமண்டலக் குழப்பம் சுமார் நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

1906இல் படைச்சேவையைத் துறந்து வானாய்வில் முழுமையாக ஈடுபட்ட அவர், 1908இல் நாற்பத்தோராவது வயதில் காலமானார். செவ்வாயின் பெருங்குழி ஒன்று இன்று அவரது பெயரைத் தாங்கியுள்ளது.

இன்று சிறு கமரா ஒன்று சில நிமிடங்களில் எடுக்கும் ஆயிரக்கணக்கான படங்களுள் தெளிவானவற்றைக் கணினி ஒன்றிணைத்துவிடுகிறது. ஆயினும், ஆடியைச் சீராகப் பொருத்துவதும், அசையாத தாங்கியும், பொறுமையும் இன்றும் இன்றியமையாதவை. ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளவில் நிலவும் வறண்ட குளிரிரவுகளில், பனித்துளி படியாது ஆடியைக் காத்துக்கொண்டால், நம் மாணவர்களும் வியாழனைப் படம்பிடிக்கலாம். அதற்கு வழிகாட்டுவது பாடசாலைகளின் கடமையாகும்.