தில்லைக் கூத்தனை உலகுக்குக் காட்டியவர்

ஆனித் திருமஞ்சனம் என்றால் சிதம்பரத்தில் ஜன சமுத்திரம்தான். கடலூரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து நடராஜரைத் தரிசிப்பார்கள். அந்தத் திருநடனத்தின் பொருளை மேல்நாட்டாருக்கு விளங்க வைத்தவர் ஒரு தமிழரின் மகன். அவர்தான் ஆனந்த குமாரசாமி.

கல்லைத் தேடியவர்

1877-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி கொழும்பில் அவர் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசாமி பெரிய வக்கீல். தாய் எலிசபெத் ஆங்கிலப் பெண்மணி. குழந்தைக்கு 2 வயது நிறையும் முன்பே தந்தை காலமானார். பிள்ளை இங்கிலாந்தில் வளர்ந்தது.

லண்டனில் மண்ணையும் கல்லையும் ஆராயும் படிப்பை முடித்தார். 1903-ல் இலங்கைக் கனிப்பொருள் ஆராய்ச்சியின் தலைவர் ஆனார். தோரியனைட் என்ற புதிய கனிப்பொருளைக் கண்டுபிடித்தார்.

கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாக நடந்தவர், வேறொன்றைக் கண்டு வருந்தினார். பரம்பரைக் கைத்தொழில்கள் நலிந்துகொண்டிருந்தன. படித்தவர்கள் வெள்ளைக்காரர் நடை உடையையே பெரிதாக மதித்தார்கள். இப்படியே போனால் நாடு தன்னையே மறந்துவிடும் என்று அவர் அஞ்சினார். வேலையை விட்டார். பழைய கைத்தொழில்களைப் பற்றி 1908-ல் பெரிய நூல் வெளியிட்டார்.

பணம் சேரவில்லை

பிறகு இந்தியா வந்தார். ராஜபுத்திர ஓவியங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். காசியில் தேசியப் பொருட்காட்சி சாலை அமைத்தால், அத்தனையையும் கொடுக்கத் தயாராக இருந்தார். அதற்குப் பணம் சேரவில்லை.

1917-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பொருட்காட்சி சாலை அவரை அழைத்தது. அவருடைய ஓவியங்களும் கப்பல் ஏறின. அவை இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

ஒரு சமூகத்தின் பொருள்கள் கை மாறினால் மீள்வது எளிதல்ல. பிராக் நகரில் 1906-ல் யூதர் பொருட்காட்சி சாலை தோன்றியது. நாஜிகள் யூதர்களிடம் பறித்த பொருள்களை அங்கே குவித்தார்கள். 1950-ல் கம்யூனிஸ்டு அரசு அதை எடுத்துக்கொண்டது. அந்த ஆட்சி போன பிறகு, 1994-ல்தான் அது யூத சமூகத்திடம் திரும்பியது.

ஐந்து தொழில்

நடராஜர் சிலையை மேல்நாட்டார் பலர் வெறும் பொம்மையாகவே பார்த்தார்கள். 1918-ல் வந்த சிவ நடனம் என்ற நூலில், சைவ நூல்களின் வழியே குமாரசாமி விளக்கம் சொன்னார். உடுக்கை படைப்பது. அபயகரம் காப்பது. நெருப்பு அழிப்பது. ஊன்றிய பாதம் மறைப்பது. தூக்கிய திருவடி அருள்வது. தில்லைத் திருச்சபை ஒவ்வொருவர் நெஞ்சத்துக்குள்ளும் இருக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டினார்.

பாஸ்டனில் 30 ஆண்டுகள் உழைத்தார். இந்தியா திரும்பி, இமயமலைப் பக்கம் கடைசிக் காலத்தைக் கழிக்க விரும்பினார். அது கைகூடவில்லை. இந்தியா விடுதலை பெற்ற 25-ம் நாள், 1947 செப்டம்பர் 9-ந் தேதி, அமெரிக்காவிலேயே கண் மூடினார்.

அவர் கனவு கண்ட தேசியப் பொருட்காட்சி சாலை 1949-ல் டில்லியில் தோன்றியது. அதைக் காண அவர் இல்லை.