காலண்டர் ஓவியர் கொண்டையராஜூ

நம்ம பக்கம் சிவகாசி காலண்டர் மாட்டாத வீடு ஏது? லட்சுமின்னா இப்படி, முருகன்னா இப்படின்னு நம் மனசில் பதிய வைத்தவர்களில் முக்கியமானவர் ஓவியர் சி.கொண்டையராஜூ.

1898-ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். பிறகு திருவண்ணாமலை போய் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் இருந்தார். (ரமணர் பிறந்தது நம்ம திருச்சுழி!) அப்புறம் நாடகக் கம்பெனியில் சேர்ந்து அரண்மனை, காடு, தர்பார் என்று சீன் படுதா வரைந்தார். ஊர் ஊராகப் போன கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. அது 1942. வேலை போச்சு. வேறு யாராவது என்றால் சென்னைக்கே திரும்பியிருப்பார்கள். இவர் சீடர்களோடு அங்கேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டூடியோ நடத்தினார். பக்கத்து சிவகாசி அச்சாபீஸ்களுக்கு சாமி படம் தேவைப்பட்டது. சாமிக்குப் பின்னால் தூணும் திரையும் பாருங்கள், நாடக சீன் மாதிரியே இருக்கும். கோவிலுக்கு நடக்க முடியாத பாட்டிகளும் வீட்டிலேயே கும்பிட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, சீடர்கள் சுப்பையா, ராமலிங்கம் பெயர்களும் அவர் பெயரோடு சேர்ந்து படங்களில் இருப்பதுதான். நோட்டுக்கு அட்டை போடும்போது பழைய படம் கிடைத்தால் கீழ் மூலையைப் பார்த்துவிட்டு வெட்டுங்க தோழிகளே!

1976-ல் அவர் காலமானார். சீடர்கள் தொடர்ந்து வரைந்தார்கள்.