அரை ஹெச்.பி. மனிதன்

ஒரு மனுஷன் அரை ஹெச்.பி. மோட்டார் ஆக முடியுமா? முக்கால் மணி நேரம்கூட ஆகாத ஒரு மலைப் பயணத்தில் ஆகிக் காட்டியவர் சைக்கிள் வீரர் மார்க்கோ பந்தானி.

இத்தாலியில் செசேனா நகரில் 1970 ஜனவரி 13 அன்று பிறந்தார். அப்பா பிளம்பர். வளர்ந்தது கடற்கரை ஊர். பெயர் வாங்கியதோ மலையில்! 57 கிலோதான் எடை. மொட்டைத் தலையில் துணி, காதில் வளையம். ரசிகர்கள் கடற்கொள்ளைக்காரன் என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். 1995-ல் பந்தயத்தின் நடுவே ஜீப் மோதி கால் எலும்பு முறிந்தது. இனி அவ்வளவுதான் என்றார்கள்.

1997-ல் பிரான்சின் ஆல்ப் துவே மலையில் 13.8 கிலோமீட்டரை 38 நிமிஷத்துக்குள் ஏறினார். உயரம் சுமார் 1100 மீட்டர். நம்ம திருத்தணி மலையின் 365 படிகளை, படிக்கு அரை அடி என்று வைத்தால், 20 தடவை ஏறுகிற உயரம். ஒரு தடவைக்கே நமக்கு மூச்சு வாங்குது!

நாம் முதல் வருஷத்தில் படித்த ஃபார்முலாவே போதும். ஆளும் சைக்கிளுமாக 65 கிலோ; அதை 9.8-ஆலும் உயரத்தாலும் பெருக்கி விநாடியால் வகுத்தால் சுமார் 310 வாட். காற்றுக்கும் டயர் உராய்வுக்கும் ஒரு 60 சேருங்கள். 370 வாட், அதாவது அரை ஹெச்.பி. உடல் எடையில் கிலோவுக்கு 6.5 வாட். இவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் இங்கேதான் கிளம்புது. ரத்தத்தில் சிவப்பணுவைக் கூட்டும் ஈ.பி.ஓ. மருந்து அந்தக் காலத்தில் பரவியிருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனை 2000-ல்தான் வந்தது.

ஆனாலும் கணக்கை மட்டும் வைத்து ஒருத்தரைத் திருடன் என்று சொல்லிட முடியாது. பின்காற்று அடித்தாலே விடை மாறும். 1998-ல் பிளாத்தோ த பேய் மலையில் பந்தானி வைத்த நேரத்தை 2024-ல் பொகாச்சார் 3 நிமிஷத்துக்கு மேல் குறைத்தார். சைக்கிள், டயர், சாப்பாடு எல்லாமே இப்போ வேற.

1998-ல் இத்தாலி, பிரான்சு இரண்டு பெரிய பந்தயங்களையும் ஒரே வருஷத்தில் ஜெயித்தார். மறு வருஷம் ஜூன் 5, இத்தாலி பந்தயத்தில் முன்னணியில் இருந்தார். இரண்டே நாள் பாக்கி. காலையில் ரத்தம் எடுத்தார்கள். சிவப்பணு அளவு 50 சதவீதம் வரை அனுமதி, இவருக்கு 52. வெளியேற்றிவிட்டார்கள். அதோடு மனசு உடைந்து, கொக்கைன் பழக்கத்தில் விழுந்தார். 2004 பிப்ரவரி 14 அன்று ரிமினி நகர ஓட்டல் அறையில் தனியாகச் செத்துக் கிடந்தார். வயது 34.

1998 பந்தயத்தில் எடுத்து வைத்திருந்த அவரது சிறுநீரைப் பின்னால் சோதித்ததில் ஈ.பி.ஓ. இருந்ததாக பிரான்சு செனட் அறிக்கை 2013-ல் வெளியிட்டது. பதில் சொல்ல அவர் இல்லை.