டி. ஆர். சுந்தரம்

திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் (ஜூலை 16, 1907 - ஆகஸ்ட் 30, 1963) தமிழ்த் திரைப்பட இயக்குநரும் தயாரிப்பாளரும் ஆவார். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவியவர். சென்னைக்கு வெளியே, கொங்கு மண்ணில் இருந்துகொண்டே நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவர வழி செய்தவர்.

வாழ்க்கை

திருச்செங்கோட்டில் ஜவுளித் தொழில் சார்ந்த வசதியான குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்து சென்று லீட்சு நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். கிளாடிசு என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். தாயகம் திரும்பியபின் சேலத்து ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தில் பங்குதாரராகித் திரைத்துறையில் நுழைந்தார்.

மாடர்ன் தியேட்டர்ஸ்

1935-இல் ஏற்காடு மலையடிவாரத்தில் தமது நிலையத்தைத் தொடங்கினார். முதற்படமான சதி அகல்யா 1937-இல் வெளியானது. மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலன் (1938) இங்கேயே உருவாயிற்று. படத்தளங்கள், ஒலிப்பதிவு, படச்சுருள் கழுவும் கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தன. கலைஞர்களுக்கு மாதச் சம்பளம் வழங்கப்பட்டது. நெசவாலையை நடத்துவது போன்ற ஒழுங்குடன் படப்பிடிப்பை நடத்திய சுந்தரத்தை அனைவரும் முதலாளி என்றே அழைத்தனர்.

காட்சி முறை

தமக்கென்று ஒரு தனி முத்திரையை இவர் வைத்துக்கொள்ளவில்லை. கதைகள் பலவும் ஆலிவுட் படங்களின் சாயல் கொண்டவை என்ற குறை கூறப்படுவதுண்டு. அது பெருமளவு உண்மையே. ஆயினும் தொழில்நுட்பப் புதுமையை அஞ்சாமல் கையாண்டதில் இவருக்கு இணையாகச் சிலரையே கூறமுடியும்.

உத்தம புத்திரன் (1940) படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். தமிழில் இம்முயற்சி அதுவே முதன்முறை. அக்காலத்தில் இத்தகைய காட்சிக்கு ஒளிப்படக்கருவியின் வில்லையில் ஒரு பாதியை மறைத்துப் படம்பிடிப்பர். பின்னர் படச்சுருளைத் திருப்பிச் சுற்றி மறுபாதியைப் பதிவர். கருவி இம்மியளவு அசைந்தாலும் நடுவே கோடு தெரிந்துவிடும். கணினி இல்லாத நாளில் இது பெருஞ்செயலாகும்.

பர்மா ராணி (1945) போர்க்காலப் படம். அதில் சப்பானிய அதிகாரியாகச் சுந்தரமே நடித்தார். மந்திரி குமாரி (1950) படத்தின் பணி முடியுமுன் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கா திரும்பிவிட, எஞ்சிய பகுதியை இவர் முடித்தார். மலைமுகட்டில் கணவனும் மனைவியும் நிற்கும் காட்சி இன்றளவும் பேசப்படுகிறது. மு. கருணாநிதியின் உரையாடலும் ம. கோ. இராமச்சந்திரனின் நடிப்பும் அப்படத்துக்கு வலுச்சேர்த்தன. கருணாநிதி எழுதிய திரும்பிப்பார் (1953) படத்தில் சிவாஜி கணேசனை நடிக்கவைத்து இவரே இயக்கினார்.

1956-இல் அலிபாபாவும் 40 திருடர்களும் வெளிவந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் இதுவே. அதற்கு முன் ஓரிரு பகுதிகளை மட்டும் வண்ணத்தில் காட்டுவதே வழக்கம். கேவா வண்ணச்சுருளுக்குக் கறுப்பு வெள்ளையைவிட மிகுந்த ஒளி தேவைப்பட்டதால் செலவு கூடியது. இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்த அப்படம் பெருவெற்றி பெற்றது. 1961-இல் மலையாளத்துக்கும் முதல் வண்ணப்படத்தை (கண்டம் பெச்ச கோட்டு) இவரே இயக்கி அளித்தார்.

மறைவுக்குப் பின்

சுந்தரம் 1963-இல் காலமானபின் மகன் இராமசுந்தரம் நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்தினார். பிற்காலத்தில் படத்தயாரிப்பு நின்றுபோனது. ஏற்காடு சாலையில் நிலையத்தின் நுழைவாயில் வளைவு மட்டும் எஞ்சியுள்ளது.