பாரதியார் குடியிருந்த வீடுகள்

 

ஒரு நாள் நாலாம் வகுப்பில் மகாகவி பாரதியாரைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து நின்றான். பாரதியார் எந்த புளோக், எத்தனாவது மாடி என்று கேட்டான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. எட்டயபுரம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நானும் பாடத்தைத் தொடர்ந்தேன்.

ஆனால் அன்று சாயங்காலம், சிராங்கூன் சாலையில் பூக்கடைகளையும் பெருமாள் கோயிலையும் தாண்டி நடந்து போகையில், அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. பையன் கேட்டதில் என்ன தப்பு? ஒரு மனிதர் எங்கே குடியிருந்தார், வாடகைக்கு என்ன செய்தார், அடுப்பு எப்படி எரிந்தது என்று தெரியாமல் அவரைத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? பள்ளி விடுமுறையில் தமிழ்நாட்டுக்கும் புதுவைக்கும் போய்வந்தேன். நான் பார்த்த வரிசை வேறு. அவர் வாழ்ந்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

எட்டயபுரம்

கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில், கரிசல் மண்ணில் இருக்கும் சிற்றூர் எட்டயபுரம். இங்கே 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகச் சுப்பிரமணியன் பிறந்தார். அவர் பிறந்த வீட்டை அரசாங்கம் நினைவில்லமாக வைத்துக் காத்துவருகிறது.

அந்த வாசற்படியில் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான். அந்தக் குழந்தைக்கு ஐந்து வயதிலேயே தாயார் போய்விட்டார். தகப்பனார் கணக்கிலும் இயந்திரத் தொழிலிலும் கெட்டிக்காரர். மகன் இங்கிலீஷ் படித்துப் பெரிய உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்பது அவர் ஆசை. பிள்ளைக்கோ வாயைத் திறந்தால் பாட்டு. பதினோரு வயதில் எட்டயபுரம் அரண்மனையில் புலவர்கள் கூடியிருந்த சபையில் பாடி, பாரதி என்ற பட்டத்தைப் பெற்றார். பதினைந்தாவது வயதில், 1897-இல், கடையத்தைச் சேர்ந்த ஏழு வயதுச் செல்லம்மாளோடு கல்யாணம். மறு வருஷமே, பஞ்சாலைத் தொழிலில் நொடித்துப்போயிருந்த தகப்பனாரும் காலமானார். பட்டம் இருந்தது, சொத்து இல்லை.

அத்தை வீட்டு ஆதரவில் காசிக்குப் போனார். கங்கைக் கரையில் அனுமான் கட்டத்துப் பக்கம் அந்த வீடு. அங்கேதான் வடமொழியும் இந்தியும் படித்தார். தலைப்பாகையும் மீசையும் அங்கே வந்தவைதான். இன்று படத்தில் பார்த்ததும் பாரதியார் என்று நம் பிள்ளைகள் கண்டுகொள்கிற முகம் காசியில் உருவான முகம்.

திரும்பி வந்து 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சுமார் மூன்று மாதம் தமிழாசிரியராக இருந்தார். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது! பிறகு சென்னையில் சுதேசமித்திரன் பத்திரிகையில் ஜி. சுப்பிரமணிய ஐயரிடம் வேலை. 1906-இல் இந்தியா என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது; அதில் பாரதியாரின் எழுத்து நெருப்பாக வந்தது. 1908-இல் அந்தப் பத்திரிகையின் பெயரில் வழக்குப் போட்டார்கள். அடுத்து யாரைப் பிடிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. நண்பர்கள் வற்புறுத்தலின் பேரில் பாரதியார் புதுவைக்குப் போய்ச் சேர்ந்தார்.

புதுவை வீடு

புதுவை அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. ஆங்கிலேயப் போலீஸ் அங்கே நுழைந்து கைது செய்ய முடியாது. ஆனால் உளவாட்கள் தெருமுனையில் நின்றுகொண்டே இருப்பார்கள். தபால்கள் பிரிக்கப்படும். பணவிடைகள் வந்து சேராது. 1910-இல் இந்தியா பத்திரிகையும் நின்றுபோயிற்று. மனைவி, தங்கம்மாள், சகுந்தலா என்ற இரண்டு பெண் குழந்தைகள். நிலையான வருமானம் கிடையாது. இப்படியே பத்து வருஷம்.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு இப்போது நினைவில்லமாகவும் நூலகமாகவும் இருக்கிறது. கையெழுத்துப் படிகளும் பழைய படங்களும் பத்திரிகைகளும் அங்கே இருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கோயில் இல்லைதான், ஆனாலும் செருப்போடு போக மனம் வரவில்லை.

புதுவையில் அவர் குடியிருந்த வீடுகளில் ஒன்றின் சொந்தக்காரரை விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று சொல்வார்கள். அவர் வாடகை கேட்க வருவாராம். உள்ளே பாரதியார் பாடிக்கொண்டிருப்பார். செட்டியார் ஓரமாக உட்கார்ந்து கேட்பார். பாட்டு முடிந்ததும் வந்த காரியத்தை வாய்விட்டுச் சொல்லாமலே எழுந்து போய்விடுவாராம். மாதம் பிறந்தால் வாடகைக்கு என்ன செய்வது என்று தவித்திருக்கும் நம்மில் எத்தனையோ பேருக்கு இந்தச் செட்டியாரின் அருமை தெரியும். புதுவையில் பிறந்த பாட்டுகளுக்குப் பின்னால் இந்த மனிதரின் பொறுமையும் இருக்கிறது.

செல்லம்மாளின் பொறுமையை என்னென்று சொல்ல? சமைப்பதற்கு வைத்திருந்த கொஞ்சம் அரிசியையும் பாரதியார் முற்றத்துக் குருவிகளுக்கு வாரி இறைத்துவிட்டார் என்ற கதையை நாம் எல்லோரும் ரசித்துச் சொல்கிறோம். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு வழி தேடியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. வீட்டுக்கார அம்மாமார்களே, அந்த முற்றத்தில் நின்றபோது எனக்குக் குருவிகளைவிடச் செல்லம்மாள்தான் நினைவுக்கு வந்தார்.

அந்த வறுமையில்தான் அவர் அரவிந்தரோடும் வ.வே.சு. ஐயரோடும் வேதமும் கவிதையும் பேசினார். கனகசுப்புரத்தினம் என்ற இளைஞர் அவரை அண்டிப் பழகிப் பின்னாளில் பாரதிதாசன் ஆனார். 1913-இல் கனகலிங்கம் என்ற தாழ்த்தப்பட்ட குலத்து இளைஞருக்குத் தம் கையாலேயே பூணூல் போட்டார். ஊர் என்ன சொல்லும் என்று அவர் பார்க்கவில்லை. பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912-இல் வெளிவந்தது. கண்ணன் பாட்டை 1917-இல் பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்டார்.

குயில் தோப்பு

ஊருக்கு வடக்கே முத்தியாலுப்பேட்டை, கருவடிக்குப்பம் பக்கம் ஒரு மாந்தோப்பு இருந்தது. கிருஷ்ணசாமிச் செட்டியார் என்ற நண்பருக்குச் சொந்தமானது. அவருடைய உருவத்தைப் பார்த்துப் பாரதியார் அவருக்கு வெல்லச்சு என்று செல்லப்பெயர் வைத்திருந்தார். வீட்டில் கவலை முற்றினால் பாரதியார் இந்தத் தோப்புக்கு வந்துவிடுவார். மர நிழல், கடற்காற்று, குயில் ஓசை. இந்த மூன்றும்தான் அவருக்குக் கிடைத்த சொத்து. குயில் பாட்டு பிறந்த இடம் இதுதான் என்பார்கள்.

ஊர் வளர்ந்து, வீடுகள் நெருங்கி வந்துவிட்ட காலத்தில்தான் நான் அங்கே போனேன். பாரதியார் பார்த்த தோப்பை இன்று தேடினால் கிடைக்காது. ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றேன். தோட்டத் தொழிலாளித் தோழர்களே, உங்களை நினைத்துக்கொண்டேன். விடியற்காலை இருட்டில், பசியாறக்கூட நேரமில்லாமல், பால் வெட்டப் போகும்போது நீங்களும் மரத்தடியில்தான் நிற்கிறீர்கள். உங்களுக்கு மரம் என்றால் பாடு, வெயில், மழை, கிராணியாரின் கணக்கு. பாரதியாருக்கு மரம் என்றால் பாட்டு. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகப் போய்ச் சிக்கிக்கொண்ட நம் பெண்கள் பட்ட துன்பத்தைக் கேள்விப்பட்டு அவர் ஒரு பாட்டு எழுதினார். அவர் பிஜிக்குப் போனதில்லை. அந்தத் தோட்டங்களைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. தம் வீட்டில் அடுப்பு எரியவில்லையே என்று கவலைப்படவேண்டிய மனிதர், கடல் தாண்டிப் போன தாய்மார்களுக்காக அழுதார். அந்தக் கூலி ஒப்பந்தங்கள் 1920-இல் முடிவுக்கு வந்தன. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இலேயே நின்றது. ஆனாலும் லயத்து வாழ்க்கை எத்தனை தலைமுறைக்குத் தொடர்ந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பாட்டிமார்களைப் பற்றித் தமிழில் ஒரு பெருங்கவிஞர் பாடியிருக்கிறார் என்றால் அது அந்தப் பாட்டுதான்.

திருவல்லிக்கேணி

1918 நவம்பரில் பாரதியார் புதுவையை விட்டுக் கிளம்பினார். கடலூர் அருகே கைதானார். மூன்று வாரத்துக்குமேல் சிறையில் இருந்து, டிசம்பர் 14-இல் விடுதலையானார். பிறகு மனைவியின் ஊராகிய கடையத்தில் இருந்தார். அங்கிருந்து 1920-இல் ஒரு திட்டம் போட்டார். தம் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு விற்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்குப் பணம் கேட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். பணம் வரவில்லை. திட்டம் அப்படியே நின்றுபோயிற்று.

அந்த வருஷமே சென்னைக்கு வந்து மறுபடியும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். திருவல்லிக்கேணியில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் குடியிருந்தார். பார்த்தசாரதி கோயில் யானைக்குப் பழம் கொடுப்பது அவர் வழக்கம். 1921-இல் ஒரு நாள் அந்த யானை அவரைத் தள்ளிவிட்டது. குவளைக் கண்ணன் என்ற அன்பர் உயிரைப் பொருட்படுத்தாமல் உள்ளே பாய்ந்து அவரைத் தூக்கிவந்தார். யானை அடித்தே பாரதியார் இறந்தார் என்று பல பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிறார்கள். அது சரியல்ல. காயம் ஆறி எழுந்து, ஜூலை 31-ஆம் நாள் ஈரோட்டுக் கருங்கல்பாளையத்துக்குப் போய், மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் சொற்பொழிவு செய்தார். பிறகு வயிற்றுக்கடுப்பு கண்டு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. செப்டம்பர் 11-ஆம் நாள் நள்ளிரவுக்கு மேல் உயிர் பிரிந்தது. வயது 39-கூட நிரம்பவில்லை. இறுதி ஊர்வலத்தில் இருபது பேருக்குமேல் இருக்கவில்லை என்று சொல்வார்கள்.

அந்தத் தெரு வீடும் இப்போது அரசாங்கத்தின் பாரதியார் இல்லம். எட்டயபுரத்தில் கல்கி அவர்களின் முயற்சியால் மக்களிடம் நன்கொடை திரட்டி எழுப்பிய மணிமண்டபத்தை 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்துவைத்தார். 1949-இல் சென்னை அரசாங்கம் பாரதி பாடல்களின் உரிமையை வாங்கியது. பிறகு அவை மக்கள் எல்லோருக்கும் பொதுவாயின. காசியில் அவர் தங்கிய வீட்டிலும் 2022-இல் தமிழ்நாட்டு அரசு நினைவிடம் திறந்தது. இருக்கும்போது மாத வாடகைக்கு வழியில்லாத மனிதருக்கு, போனபிறகு ஊருக்கு ஊர் வீடு. இதை நினைத்துச் சிரிப்பதா, அழுவதா?

கேள்விக்குப் பதில்

விடுமுறை முடிந்து வந்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். பாரதியாருக்குச் சொந்த வீடு கிடையாது, எல்லாம் வாடகை வீடும் உறவுக்காரர் வீடும்தான் என்று சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்தான். அப்படியானால் நம்ம வீட்டுக்கு வந்திருந்தாலும் இருந்திருப்பாரா சார் என்று கேட்டான். இந்தத் தடவை வகுப்பு சிரிக்கவில்லை.

பெற்றோர்களே, அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல? நினைவில்லங்களுக்குக் காவல்காரர் இருக்கிறார். மாலை போட மந்திரிமார் வருகிறார்கள். அவை பத்திரமாக இருக்கும். ஆனால் பாரதியார் 1920-இல் ஆசைப்பட்டது நினைவில்லத்துக்கு அல்ல. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல எல்லா வீட்டுக்குள்ளும் போக வேண்டும் என்பதற்கு. நம் வீட்டில் பிள்ளைகள் தமிழில் பேசினால் அதட்டி இங்கிலீஷுக்கு மாற்றுகிறோமே, அங்கே அவர் எப்படிக் குடியிருப்பார்? இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவரே பல மொழி படித்தவர். தமிழை வெளியே தள்ளித்தான் அதைப் படிக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளில் சிலர் கையில் பாரதியார் கவிதைப் புத்தகம் இருக்கும். அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். இன்று இராத்திரி சாப்பிட்டு முடித்ததும், படிக்கத் தெரியாத பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்காரவைத்துப் பிள்ளையை ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தப்பும் தவறுமாக வாசித்தாலும் பரவாயில்லை. செட்டியாரைப் போல ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள். அன்றைக்கு ஒரு இராத்திரியாவது பாரதியார் நம் வீட்டில் குடியிருப்பார். வாடகை கேட்க வேண்டாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!