பால் க்ளே: தோலை இறுக்கிய நோய்... கடைசிவரை எடுக்கப்படாத பயாப்சி!

1939-ம் ஆண்டு. அந்த ஓவியரால் கெட்டியான உணவை விழுங்க முடியவில்லை. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். முகம் முகமூடி மாட்டியது போல இறுகிவிட்டது. ஆனால், அந்த ஒரே வருடத்தில் 1,200-க்கும் மேற்பட்ட படைப்புகளை முடித்தார்.

யார் இவர்?

பால் க்ளே, 1879-ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் அருகே பிறந்தவர். அப்பா ஜெர்மானியர் என்பதால் இவருக்கும் ஜெர்மன் குடியுரிமைதான். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பத்து ஆண்டுகள் பாடம் எடுத்தார். 1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் டுசல்டார்ஃப் கலைக்கழக வேலை போச்சு. பெர்னுக்கே திரும்பினார்.

என்ன ஆச்சு?

1935-ல் படுத்தவருக்கு தட்டம்மை என்றார்கள். ஆனால், உடம்பு தேறவே இல்லை. 1936-ல் அவர் முடித்தவை வெறும் 25 படைப்புகள். அதன்பிறகு தடித்த கோடுகளுடன் மீண்டும் வரையத் தொடங்கினார். 1940 ஜூன் 29-ல் இறந்தார்.

அது என்ன நோய்?

ஸ்க்ளீரோடெர்மா என்கிறார்கள். இது இணைப்புத் திசு நோய். உடலின் எதிர்ப்பு சக்தி தடம் மாறி, தோலிலும் உள்ளுறுப்புகளிலும் கொலாஜன் அளவுக்கு மீறிச் சேரும். உணவுக்குழாய், நுரையீரல் எல்லாம் இறுகும். ஆனால் க்ளேவுக்கு இந்தப் பெயர் சூட்டப்பட்டது அவர் இறந்த பிறகுதான். கடிதங்கள், புகைப்படங்கள், குடும்பத்தினரின் நினைவுகளை வைத்துக் கணித்தார்கள். திசு ஆதாரம் எதுவும் இல்லை. அதனால் இன்றுவரை அது 'பெரும்பாலும்' ஸ்க்ளீரோடெர்மாதான்.

இப்போது என்றால்?

தோலை மரக்கச் செய்து, 3 அல்லது 4 மில்லிமீட்டர் அளவு துண்டு எடுப்பார்கள். சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், அடர்ந்த கொலாஜன் தெரியும். ஆனா ஒண்ணு, எல்லோருக்கும் பயாப்சி தேவைப்படாது. தோலின் இறுக்கம், ரத்தப் பரிசோதனை, நகக்கண் ரத்தநாளங்கள் ஆகியவற்றை வைத்தே பெரும்பாலும் முடிவு செய்துவிடுவார்கள். தோலை இறுக்கும் வேறு நோயோ என்ற சந்தேகம் வந்தால்தான் பயாப்சி கைகொடுக்கும். அப்போதும் அறிகுறிகளோடு சேர்த்துத்தான் அந்த முடிவைப் படிக்க வேண்டும்.

குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாவது, தோல் இறுகுவது, சாப்பாடு நெஞ்சில் சிக்குவது... இதெல்லாம் சேர்ந்து வந்தால், தள்ளிப்போடாமல் மூட்டு வாத நோய் மருத்துவரைப் பாருங்கள்.

பிறந்த நாட்டின் குடியுரிமை கேட்டு க்ளே விண்ணப்பித்திருந்தார். முடிவு வரும் முன்பே உயிர் போய்விட்டது. நோயின் பெயரும் அப்படித்தான், அவருக்குப் பிறகே வந்தது.