ஓவியப் பேராசான் நந்தலால் போஸ்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் பழமொழி. நம் ஊர்ப் பள்ளிகளில் சுவர் இருக்கிறது, சுண்ணாம்பும் அடித்திருக்கிறது. சித்திரம் எழுதும் கைகளுக்குத்தான் நேரம் வாய்ப்பதில்லை. தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பு கணக்கு வகுப்பாக மாறிவிடும். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் தங்கையின் கால அட்டவணையில் வாரம் ஒரு முறை ஓவியம் உண்டு. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவள் வண்ணப் பெட்டியைத் திறக்கவே இல்லை. இந்நிலையில், ஓவியத்தைக் கல்வியின் நடுவீட்டில் அமர்த்த விரும்பிய ஒரு பேராசானின் வாழ்வை நாம் அறிந்துகொள்வது நலம். அவரே வங்கம் தந்த நந்தலால் போஸ்.

1882ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பீகாரின் முங்கேர் மாவட்டத்திலுள்ள கரக்பூரில் அவர் பிறந்தார். தந்தை பூர்ணசந்திர போஸ் தர்பங்கா சமஸ்தானத்தில் பணிபுரிந்தவர். தாய் க்ஷேத்ரமணி தேவி மகனுக்குத் தம் கையாலேயே பொம்மைகள் செய்து கொடுப்பார். தாயின் கைவேலையும், ஊர்க் குயவர்கள் களிமண்ணில் உருவம் சமைத்த காட்சியும் அச்சிறுவனின் முதற் பாடங்கள் ஆயின.

பின்னர் கல்கத்தாவுக்குப் படிக்கச் சென்றார். பாட நூல்களில் மனம் ஒன்றவில்லை; கல்லூரித் தேர்வுகளில் தோல்வியே கிட்டியது. குடும்பத்தார் வணிகவியல் படிக்க வைத்தார்கள், அதுவும் கைகூடவில்லை. படித்தால் வேலை, வேலை கிடைத்தால் சோறு என்று பெற்றோர் கணக்குப் போடுவது இயல்பே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் அந்தக் கவலையின் கனம் எனக்குத் தெரியும். ஆயினும் நந்தலால் தம் உள்ளம் நாடிய வழியை வீட்டாரிடம் எடுத்துச் சொல்லி இசைவு பெற்றார். கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் அவனீந்திரநாத் தாகூரின் மாணவரானார்.

அதன்பின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அஜந்தா குகைகளுக்குச் சென்று பழைய ஓவியங்களைப் பார்த்துப் படியெடுத்தார். செடிகளுக்கும் உணர்வு உண்டு என்று ஆய்ந்த ஜகதீச சந்திர போஸ் 1917இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் சுவரோவியங்கள் தீட்டினார். தாவரவியல் மாணவர்களாகிய நமக்கு இது தனி மகிழ்ச்சி தரும் செய்தி. அறிவியல் கூடத்திற்கு ஓவியம் அயலன்று என அந்த விஞ்ஞானி கருதியிருக்கிறார்.

1919இல் ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் கலாபவனத்தைத் தொடங்கினார். அதன் பொறுப்பை ஏற்ற நந்தலால் 1951இல் ஓய்வு பெறும் வரை அங்கே ஆசிரியராக வாழ்ந்தார். ராம்கிங்கர் பைஜ், வினோத் பிகாரி முகர்ஜி, திரைப்பட மேதை சத்யஜித் ராய், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த கே.ஜி. சுப்பிரமணியன் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள்.

அவர் பாடம் நடத்திய முறை என்ன? மாணவர்களை நான்கு சுவருக்குள் அடைக்கவில்லை. மரத்தடிக்கும் வயல்வெளிக்கும் சந்தால் மக்களின் சிற்றூர்களுக்கும் அனுப்பி, முதலில் பார்க்கச் சொன்னார். தாமும் அவர்களோடு அமர்ந்து வரைந்தார். அஞ்சலட்டைகளில் சிறு சித்திரங்கள் தீட்டி மாணவர்களுக்கு அனுப்புவார். விலை கொடுத்து வாங்கிய வண்ணத்தையே நம்பாமல், சுற்றுப்புற மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வண்ணம் எடுத்தார். நம் கோலத்தின் உடன்பிறப்பான அல்பனாவைப் பாடமாக்கினார். 1930இல் வெளிவந்த தாகூரின் குழந்தைகளுக்கான முதற் பாடநூலுக்குக் கறுப்பு வெள்ளையில் அச்சுச் செதுக்குப் படங்கள் செய்தார். முதுமையில் காகிதத்தைக் கிழித்து ஒட்டியே படங்கள் உருவாக்கினார்.

காந்தியடிகள் கேட்டுக்கொண்டபடி பைஸ்பூர் காங்கிரஸ் மாநாட்டை 1936இல் மூங்கிலாலும் ஓலையாலும் அழகு செய்தார். 1938இல் ஹரிபுரா மாநாட்டுக்காக உழவர், குயவர், தச்சர், இசைவாணர் என உழைக்கும் மக்களை எண்பதுக்கும் மேற்பட்ட படங்களில் வரைந்தார். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்படியை அணிசெய்தவர்களும் அவரும் அவர் மாணவர்களுமே. 1954இல் பத்மவிபூஷண் விருது பெற்ற அவர், 1966 ஏப்ரல் 16 அன்று மறைந்தார்.

கல்வியில் கலைக்கு உள்ள இடம் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். மண் குடிசையில் வாழும் ஏழைச் சந்தால் தம் வீட்டை மெழுகித் துப்புரவாக வைத்திருக்க, பெரிய விடுதிகளில் தங்கும் கல்லூரி மாணவர் அறையை அலங்கோலமாக வைத்திருக்கிறாரே என்று அதில் வருந்துகிறார். அழகுணர்ச்சி பட்டத்தோடு வருவதன்று என்பது அவர் கருத்து. இது எனக்கு உடனே விளங்கியது. என் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் இருபத்தொரு புள்ளிக் கோலத்தை ஒரு புள்ளியும் பிசகாமல் இழுத்து முடிப்பார்கள்.

எல்லாக் குழந்தையும் ஓவியராக வேண்டும் என்று நந்தலால் சொல்லவில்லை. கண் பார்க்கப் பழக வேண்டும், கை செய்யப் பழக வேண்டும், அவ்வளவே. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதன் பயனைக் காண்கிறோம். நுண்ணோக்கியில் தெரியும் தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் பார்த்து வரைபவருக்கு அது மறப்பதில்லை. புத்தகப் படத்தைப் பார்த்து எழுதுபவருக்கு மறுநாளே மறந்துவிடுகிறது. எனவே ஓவிய வகுப்பைப் பறித்துக் கணக்குக்குக் கொடுப்பதால் மதிப்பெண் பெருகும் என்பது ஐயத்திற்குரியதே.

அவர் வழியை நம் பொருநைக் கரைக்குக் கொண்டுவருவது அரிய செயலன்று. ஆற்றோரத்து மருத மரம் ஒன்றைத் தேர்ந்து, தளிர்க்கும்போதும் பூக்கும்போதும் காய்க்கும்போதும் பிள்ளைகளை வரையச் செய்யலாம். தேரிக்காட்டுச் செம்மண், கரிசல் மண், அடுப்புக்கரி, மஞ்சள் ஆகியவற்றை வேப்பம் பிசினில் குழைத்தால் செலவில்லாத வண்ணங்கள். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வண்ணத்தில் தோய்த்து அச்சுப் பதிக்கலாம். அதிலேயே ஐந்து மூலைகளும் சூலறைகளும் புலப்பட்டு அறிவியல் பாடமும் சேர்ந்துகொள்ளும். பழைய செய்தித்தாளும் சோற்றுப் பசையும் இருந்தால் கிழித்து ஒட்டும் படம் தயார். காருக்குறிச்சிக் குயவரையோ பத்தமடைப் பாய் நெய்பவரையோ ஒரு நாள் ஆசிரியராக அழைக்கலாம். கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களும், திருப்புடைமருதூர்க் கோபுரத்தினுள் உள்ள ஓவியங்களும் மரச் சிற்பங்களும், குற்றாலச் சித்திர சபையும் அருகிலேயே இருக்க, நம் பிள்ளைகள் எதற்குத் தொலைவில் தேட வேண்டும்?

பள்ளிதோறும் ஆண்டுக்கொரு முறை கலை விழா நடக்க வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் தம் கையால் செய்த ஒரு பொருளையாவது, அது எவ்வளவு எளியதாயினும், அங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பதும் அப்பெரியாரின் விருப்பம். நம்மில் பலர் நாளை கல்வியியல் பயின்று ஆசிரியர்களாகச் செல்லவிருக்கிறோம். எந்தப் பாடத்தை நடத்தினாலும், கால அட்டவணையிலுள்ள அந்த ஒரு ஓவிய வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளாதிருப்போம். இயன்றால் நம் வகுப்பில் ஒரு பகுதியை அதற்குக் கொடுப்போம். நந்தலாலுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.